41 வருஷம் மூடிக் கிடந்த டீம், 2-வது சீசனிலேயே சாம்பியன்: ஒரு பருத்திக்காட்டுப் பல்கலைக்கழகத்தின் கதை, கள்ளக்குறிச்சிக்கு இதில் என்ன இருக்கு?

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி கிளம்பி தேசிய சாம்பியன் ஆகும்னு சொன்னா நம்புவீங்களா? 'சான்ஸே இல்ல'ன்னுதான் சட்டென்று தோன்றும். கரும்பு, நெல், அரிசி ஆலை, கோமுகி அணை, அப்புறம் 2024 ஜூன் மாதத்துக் கள்ளச்சாராயச் சாவுகள். செய்திகளில் அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் இவைதான். 2019-ல்தான் தனி மாவட்டமே ஆனது.

ஆனால் கிட்டத்தட்ட இதே மாதிரி, விவசாயத்தை நம்பிய, பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லாத ஓர் ஊரில் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், கிளீவ்லேண்ட். (ஒஹையோவில் இருக்கும் பெரிய கிளீவ்லேண்ட் இல்லை. இது பருத்தி வயல்களுக்கு நடுவே பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் குட்டி டவுன். கள்ளக்குறிச்சி நகரமே 2011 கணக்கெடுப்பில் 50,000-ஐத் தாண்டிவிட்டது.) அங்கே இருக்கும் டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி 1975, 1976, 1977 என்று வரிசையாக மூன்று வருடம் அமெரிக்க தேசிய சாம்பியன்.

அந்த அணிக்குப் பெரிய பணம் இல்லை. ஸ்காலர்ஷிப் கொடுத்து ஆள் பிடிக்கவும் இல்லை. பின்னே எப்படி?

'பொண்ணுங்களுக்கு இது தாங்காது'

கதை 1920-களில் தொடங்குகிறது. டெல்டா ஸ்டேட், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக 1925-ல் திறக்கப்பட்டது. நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929. ஏறக்குறைய ஒரே வயசு. ஆரம்ப காலத்திலேயே அங்கே பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. மார்கரெட் வேட் என்ற மாணவி அதில் முக்கியமான வீராங்கனை.

1932-ல் நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. இந்த விளையாட்டு இளம்பெண்களின் உடம்புக்கு ரொம்பக் கடினம், அணியைக் கலைச்சுடலாம். அவ்வளவுதான். மாணவிகள் அழுதார்கள், தங்கள் யூனிஃபார்மை எரித்தார்கள். வேறு எதுவும் செய்ய முடியவில்லை என்று வேட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இது அந்த ஒரு கல்லூரியின் பழமைவாதம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அடுத்த வருடமே, ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கூடவே விதிகளையும் மாற்றினார். மைதானத்தைக் கோடு போட்டுப் பிரி, அவரவர் பகுதியைத் தாண்டாதே, பந்தைப் பிடுங்காதே. பெண்கள் அதிகம் ஓடினால் களைத்துவிடுவார்கள் என்ற பயம். இந்தக் கோடு வெவ்வேறு வடிவத்தில் பல பத்தாண்டுகள் நின்றது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆண்களைப் போலவே 5 பேராக, முழு மைதானத்திலும் ஓடி ஆடலாம் என்பது அதிகாரபூர்வ விதி ஆனது 1971-ல்தான்!

டெல்டா ஸ்டேட் அணி மறுபடி தொடங்கப்பட்டது 1973-ல். நடுவில் 41 வருஷம். அந்த 41 வருஷத்தில் அந்தக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன பெண்களில் எத்தனை பேருக்கு ஆட வந்திருக்கும்? கணக்கெடுக்க வழியே இல்லை. இல்லாத டீமுக்கு ஸ்கோர்ஷீட் கிடையாதே.

60 வயதில் வந்த கோச்

அணியை மீண்டும் தொடங்கும்போது நிர்வாகம் கூப்பிட்டது யாரைத் தெரியுமா? 1932-ல் யூனிஃபார்மை எரித்த அதே மார்கரெட் வேட்.

வேட் நடுவில் சும்மா இருக்கவில்லை. பள்ளிகளில் பெண்கள் அணிகளுக்குக் கோச்சாக இருந்தார், அதில் நீண்ட காலம் அதே கிளீவ்லேண்ட் பள்ளியில். அங்கே அவர் அணி ஜெயித்தது 453, தோற்றது 89, டை 6. பிறகு 1959-ல் டெல்டா ஸ்டேட்டில் பெண்கள் உடற்கல்வித் துறைக்குத் தலைவரானார். ஆக, 1973-ல் பல்கலைக்கழகம் வெளியூரிலிருந்து யாரையும் பெரிய சம்பளம் கொடுத்துக் கூட்டி வரவில்லை. வளாகத்திலேயே 14 வருஷமாக ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு பந்தையும் ஒரு டீமையும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

முதல் சீசன்: 16 வெற்றி, 2 தோல்வி. இரண்டாவது சீசன்: 28 வெற்றி, 0 தோல்வி. தேசிய சாம்பியன்.

அம்மாவுக்குத் தெரியாமல் டிவி பார்த்த பொண்ணு

கோச் மட்டும் கோல் போட முடியாது. அதற்கு லூசியா ஹாரிஸ் வேண்டியிருந்தது.

மின்டர் சிட்டி. பெயரில்தான் சிட்டி, நிஜத்தில் கிராமம். அங்கே ஒரு கறுப்பின விவசாயக் குடும்பம், 11 பிள்ளைகள், லூசியா பத்தாவது. 6 அடி 3 அங்குல உயரம். பள்ளியில் கேலி கேட்டு வளர்ந்த பொண்ணு. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் ஒளிந்து டிவியில் என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்ப்பாராம்.

பள்ளி முடித்ததும் அவர் போக நினைத்தது ஆல்கார்ன் ஸ்டேட் என்ற, கறுப்பின மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்ட கல்லூரிக்கு. அங்கே பெண்கள் அணி கிடையாது. அப்போதுதான் டெல்டா ஸ்டேட்டில் ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருந்த மெல்வின் ஹெம்ஃபில் அவரைத் தேடி வந்து பேசினார். விளையாட்டு ஸ்காலர்ஷிப் தரவில்லை, தரவும் முடியாத நிலை. படிப்பு உதவித்தொகையும் பகுதிநேர வேலையும் சேர்ந்துதான் கல்லூரிச் செலவு ஓடியது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கணும். டெல்டா ஸ்டேட் 1967 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத கல்லூரி. லூசியா வந்து சேர்ந்தது அதற்கு வெறும் 6 வருடம் கழித்து. அணியில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். அவர்கள் ஆடிய உள்ளரங்கத்தின் பெயர் வால்டர் சில்லர்ஸ் கொலீசியம். இந்த சில்லர்ஸ் யார்? மிசிசிப்பி சட்டப்பேரவையின் சபாநாயகராக நீண்ட காலம் இருந்தவர், இனப் பிரிவினையைத் தூக்கிப் பிடித்தவர். அவர் பெயர் தாங்கிய அரங்கத்தை ஒரு கறுப்பினப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்க்க ஊரே வந்து நிரப்பியது. மாணவர்கள் அவரை ஹோம்கமிங் ராணியாகவும் தேர்ந்தெடுத்தார்கள், அந்தக் கல்லூரியில் அந்தப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண். ஒரு கோப்பை இனவெறியை ஒழிச்சுடும்னு சொல்ல வரலை. ஆனா அந்த அரங்கத்துக்குள்ளே யாருக்கு யார் கைதட்டுவது என்பது மாறியது.

நான்கு வருடத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 2,981. ரீபவுண்ட் 1,662. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 26 புள்ளிகளுக்குப் பக்கம். அவருக்குப் பந்தைக் கடத்திக் கொடுத்த டெபி பிராக்கின் உயரம் 4 அடி 11 அங்குலம். 'நான் குட்டை, எனக்கு கூடைப்பந்து செட் ஆகாது'ன்னு சொல்றவங்க இந்தப் பெயரைக் குறிச்சு வச்சுக்கலாம்.

எதிரணியும் சும்மா இல்லை

1975 இறுதிப் போட்டியில் டெல்டா ஸ்டேட் எதிர்கொண்டது இமாக்குலாட்டா கல்லூரியை. பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னப் பெண்கள் கல்லூரி அது. 1972, 73, 74 மூன்று வருட சாம்பியன். அவர்களின் உடற்பயிற்சிக்கூடம் 1967-லேயே தீயில் எரிந்துபோயிருந்தது. 1972 தேசியப் போட்டிக்குப் போகப் பணமில்லாமல் பல் துலக்கும் பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். முழு அணிக்கும் டிக்கெட் போட முடியாமல் 8 வீராங்கனைகள்தான் போனார்கள், ஜெயித்தும் வந்தார்கள். ஆட்டத்தின்போது கன்னியாஸ்திரீகள் கேலரியில் உட்கார்ந்து வாளியைக் குச்சியால் தட்டி ஆரவாரம் செய்வார்களாம். நம்ம ஊர் கபடிக்கு விசில் அடிக்கிற மாதிரி!

அந்த அணியைத்தான் டெல்டா ஸ்டேட் 90-81 என்று வீழ்த்தியது. அடுத்த வருடமும் அதே இமாக்குலாட்டா, 69-64. 1977-ல் எல்.எஸ்.யு. அணியை 68-55. ஹாட்ரிக்.

1979-ல் வேட் ஓய்வு பெற்றபோது டெல்டா ஸ்டேட் கணக்கு 157 வெற்றி, 23 தோல்வி. இன்றும் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்குத் தரும் விருதுகளில் ஒன்று அவர் பெயரில், வேட் டிராபி.

அப்புறம் ஏன் அந்தப் பேரைக் கேள்விப்படவே இல்லை?

காரணம் ஒரு நல்ல சட்டம். 1972 ஜூன் 23-ல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட 'டைட்டில் 9'. ஆங்கிலத்தில் மொத்தம் 37 சொற்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது. அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அதிகம் மாறியது விளையாட்டுதான். 1971-72-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் சுமார் 2.94 லட்சம். இப்போது 30 லட்சத்துக்கும் மேல்.

சட்டம் மெல்ல மெல்ல அமலுக்கு வந்தபோது பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் ஸ்காலர்ஷிப், சம்பளம் வாங்கும் கோச், விமான டிக்கெட் எல்லாம் கொடுக்க ஆரம்பித்தன. பிரஷ் விற்று வந்த கல்லூரியும் பருத்திக்காட்டுப் பல்கலைக்கழகமும் அந்தப் பணத்தோடு மோத முடியுமா? இமாக்குலாட்டா தேசிய அரங்கிலிருந்தே மறைந்தது. டெல்டா ஸ்டேட் இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. அங்கேயும் 1989, 1990, 1992-ல் சாம்பியன் ஆனது வேறு விஷயம். 2024-ல் தென் கரோலினா, அயோவா பல்கலைக்கழகங்கள் மோதிய பெண்கள் இறுதிப் போட்டியை அமெரிக்காவில் 1.8 கோடிக்கும் அதிகமானோர் டிவியில் பார்த்தார்கள். அந்த வருட ஆண்கள் இறுதிப் போட்டியை விட அதிகம்.

சட்டம் வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. வாய்ப்பு கூடும்போது பணமும் கூடும், பணம் கூடும்போது சின்ன ஊர் கல்லூரி பின்னாடி போகும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். தமிழ்நாட்டிலும் ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல், உள்ளரங்கம் தரக்கூடிய சென்னைக் கல்லூரிகள் நல்ல வீராங்கனைகளை ஈர்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம முன்னாடி

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதன் முதல் புள்ளிகளை எடுத்தவர் லூசியா ஹாரிஸ். அமெரிக்காவுக்கு வெள்ளி. அடுத்த வருடம் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற என்.பி.ஏ. அணி, ஆண்களுக்கான டிராஃப்டில் 7-வது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதிகாரபூர்வமாக அப்படித் தேர்வான ஒரே பெண் இன்றுவரை அவர்தான். அவர் போகவில்லை. அப்போது கர்ப்பமாக இருந்தார், தவிர அது வெறும் விளம்பரமாக இருக்குமோ என்ற சந்தேகமும் இருந்தது. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியது 1997-ல். அதாவது ஒலிம்பிக் பதக்கம் வென்ற, நாட்டின் ஆகச் சிறந்த வீராங்கனைக்குக் கல்லூரி முடித்ததும் ஆடுவதற்கு இடமே இல்லை. அவர் தன் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார், பிறகு தான் படித்த பள்ளியில் கோச் ஆனார்.

இந்தியாவில் இந்த இடத்தில் ஒரு கதவு ரொம்ப நாளாகவே திறந்திருக்கிறது. ரயில்வே. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே வேலையில் இருந்தபடியே இந்தியாவுக்காக ஆடியவர். 2001 முதல் 2017 வரை தொடர்ச்சியாக 9 ஆசிய சாம்பியன்ஷிப்கள். 19 வயதிலேயே இந்திய கேப்டன், 2021-ல் பத்மஸ்ரீ. 2017-ல் பெங்களூருவில் கஜகஸ்தானை 75-73 என்று கடைசி நொடி வரை இழுத்து வென்று இந்தியா ஆசியக் கோப்பையின் 'ஏ' பிரிவுக்கு ஏறியதே, அது அவர் ஆடிய 9-வது தொடர்.

தமிழ்நாடு அரசு வேலைகளிலும் சாதனை வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. விளையாட்டு ஒரு பெண்ணுக்கு வேலையாக மாறும் வழி என்பது வீட்டில் அனுமதி வாங்கும்போது பேசக்கூடிய பாயிண்ட். 'விளையாடி என்னத்தைக் கிழிக்கப் போற?' என்ற கேள்விக்கு நேரடியான பதில்.

சரி, கள்ளக்குறிச்சியில் ஒரு பொண்ணு எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

இந்த மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் 2021-ல் நடந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கடலூர், விழுப்புரம், மயிலாடுதுறை மாவட்டங்களும் அதே குடையில்தான். முதல் படி கல்லூரி அணி. அந்த அணி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடும். அதில் கவனிக்கப்படுபவர்கள் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டு, பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கலாம். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். மண்டலத்தில் முதல் 4 இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி, அங்கே முதல் 8-ல் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. வயது வரம்பு 25.

கல்லூரி வழி தவிர முதலமைச்சர் கோப்பையும் இருக்கு. கல்லூரி மாணவிகளுக்குத் தனிப் பிரிவு, மாவட்ட அளவில் ஆரம்பம்.

பேப்பரில் பார்த்தால் நேர்கோடு. நடைமுறையில் முதல் படியே வழுக்கும். கல்லூரியில் 12 பேர் சேர்ந்தால்தானே அணி? கூடைப்பந்து மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். தரை கெட்டியாக, சமமாக இருக்கணும், பந்து எழும்பணும். வாலிபால் கோர்ட் 18-க்கு 9, மண் தரையே போதும். நம் கிராமங்களில் வாலிபால் வலை தெருவுக்குத் தெரு இருந்தும் கூடைப்பந்து வளையம் அரிதாக இருப்பதற்கு ரசனை காரணமில்லை, சிமென்ட்தான் காரணம். அப்புறம் நேரம். வகுப்பு முடிந்து மாலை 5 மணிக்குப் பயிற்சி என்றால், மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மாணவி என்ன செய்வாள்? அண்ணாமலை நகர் கள்ளக்குறிச்சியிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு நாள் போட்டி என்றாலும் வெளியூரில் ராத்திரி தங்கல், வீட்டில் அனுமதி, கூட ஓர் ஆசிரியை என்று வரிசையாக வேலை இருக்கிறது.

மலைக்கு மேலே

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இடம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது, சாலை வசதி போன்ற அடிப்படைகளே அங்கே பேசுபொருள் ஆயின. ரோடே கேள்வியாக இருக்கும் இடத்தில் கூடைப்பந்து பற்றிப் பேசுவது கொஞ்சம் ஓவரோ என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் மலையில் கீழே இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். அங்கேயே தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் பிரச்சினை இல்லை. சாயங்காலம் 5 மணிக்கு மேல் அவர்கள் வளாகத்திலேயே இருப்பார்கள். அதிகாலையிலும் இருப்பார்கள். மலை ஏறி இறங்கிப் பழகிய கால்கள் வேறு. ஒரு பள்ளியில் ஒரு சிமென்ட் தளம், 3.05 மீட்டர் உயரத்தில் இரண்டு வளையம், பெண்களுக்கான 6-ம் எண் பந்து ஒரு டஜன். இதற்குச் சென்னையில் கட்டுவது போன்ற உள்ளரங்கம் தேவையில்லை.

கூடுதலாகத் தேவைப்படுவது ஆள்தான். வேட் மாதிரி அதே ஊரில் வருடக்கணக்காகத் தங்கிச் சொல்லிக் கொடுக்கும் ஓர் உடற்கல்வி ஆசிரியை. ஹெம்ஃபில் மாதிரி, கல்லூரியில் உட்கார்ந்து விண்ணப்பம் வருமா என்று பார்க்காமல், வெள்ளிமலைக்கு வண்டி ஏறி +2 மாணவிகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் ஒரு கல்லூரி ஆசிரியர். கள்ளக்குறிச்சிக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகள் வருடத்துக்கு ஒரு நாள் இதைச் செய்தாலே போதும், அதற்குப் புதிதாக எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

லூசியா ஹாரிஸ் 2022 ஜனவரியில் காலமானார். அடுத்த இரண்டு மாதத்தில் அவரைப் பற்றிய 'த குவீன் ஆஃப் பாஸ்கெட்பால்' குறும்படம் ஆஸ்கர் வென்றது. கேமராவைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தபடி அவரே கதை சொல்கிறார். ஓடும் நேரம் 22 நிமிஷம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புவதற்குள் பார்த்து முடிச்சுடலாம்.